ஏழாவது கைநாட்டு

செந்தூல் பட்டறையில் சங்கு ஊதியதும்
ஜெபக்கூடத்து வாசலில் மேசை போட்டு
மதுவிலக்குச் சங்கத்தின் பேரேட்டை விரிப்பேன்.
மாதக் கடைசிச் சனிக்கிழமை, சம்பள நாள்.
கைநாட்டுக்குக் கறுப்பு மை,
ஒரு டப்பி குண்டூசி, நீல ரிப்பன் துண்டுகள்,
துணி மூடிய கூடையில் இனிப்பு ரொட்டி.
இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கு
ஒரு ரொட்டி, ஒரு குவளை கோப்பி, சட்டையில் ஒரு ரிப்பன்.
விட்லாக் துரைசானியின் ஏற்பாடு.
எதிரே நூறு கஜத்தில் கள்ளுக்கடை.
அங்கேயும் வரிசை. எங்களுடையதைவிட நீளம்.

கடை, அரசாங்கம் ஏலம் விட்டது.
எங்கள் சங்கத்துக்கு வருஷம் முப்பது வெள்ளி
நன்கொடை தருவதும் அதே அரசாங்கம்.
இரண்டு ரசீதிலும் ஒரே முத்திரை.
நான் ரயில்வே கிராணி, முத்திரை பார்த்தே பிழைக்கிறவன்.
பார்ப்பதோடு சரி.

மார்ச் மாதம் சவரியப்பன் என்று ஒருவன் வந்தான்.
வலது கட்டைவிரலில் பாதியைத்
தகடு வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது.
மிச்சம் தாளில் பதிந்தபோது
மூன்றாம் பிறை மாதிரி இருந்தது.
ஏப்ரலில் அதே பிறை, ஞானாதிக்கம்.
ஜூனில் தேவசகாயம், தலையில் புதுத் துண்டு.
எங்கள் கூடத்து ஜன்னலோரம் நின்று
பெயர்களைப் பொறுக்கியிருக்க வேண்டும்.
ஆறாம் முறை, கொஞ்சமும் கூசாமல்,
பிலாத்து என்றான்.
தகப்பன் பெயர்? என்றேன்.
பெரிய பிலாத்து.
எழுதிக்கொண்டேன்.

ஆண்டறிக்கையைத் துரைசானி எழுந்து வாசித்தாள்:
மனந்திரும்பியோர் இருநூற்று நாற்பத்தேழு.
கைதட்டினார்கள்.
அதில் ஆறு பேர் ஒரே ஆள் என்பது
எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும்.
அவரும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் திருவிருந்திலும் ஒயின் கூடாதென்று
தீர்மானம் போட்டார்கள்.
உலர்திராட்சையை வேகவைத்துப் பிழிந்து
ஜாடியில் ஊற்றி வைப்பாள் என் மனைவி அன்னம்மா.
மழையே இல்லாத ஒரு வாரம்
மூடியை அதுவே தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை மூப்பர் ஐசக்கு
வழக்கமில்லாமல் இரண்டாம் தடவையும் முழங்கால் போட்டார்.
இனிப்புக்குத் தீர்மானம் தெரியாது.

ஏழாவது தடவை அவன் வரிசையில் நின்றபோது
பின்னால் ஆள் இல்லை, இருட்டிக்கொண்டு வந்தது.
பெயர்? என்றேன்.
கொளஞ்சி.
அது எந்த வேதத்திலும் இல்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.

"ரொட்டி வேண்டாங்க. ரிப்பன் போதும்.
ஆறையும் ஒட்டுப் போட்டு மகள் சடையில் வைத்துப் பின்னினேன்.
நுனி முடிய ஒரு சாண் குறையுது."

எத்தனை வருஷக் குடி?
அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்.
"குடிக்கிறதே இல்லைங்க, கிராணி ஐயா.
கள்ளு வாடை வந்தாலே எனக்குக் குமட்டும்."

அப்புறம் ஏன்டா?

"குடிக்காதவனுக்கு நீங்க
எதுவும் தர்றதில்லையே."

பேரேட்டில் கட்டங்கள் ஐந்து.
பெயர். வேலை. குடித்த வருஷம்.
விட்ட தேதி. மறுபடி விழுந்த தேதி.
எந்தக் கட்டத்திலும் அவனை உட்கார வைக்க முடியவில்லை.
கூடையில் ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது.
எதிர்க்கடையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.
பேனா முனையில் மை சொட்டாகத் திரள்கிறவரைக்கும்
சும்மா இருந்தேன்.
பிறகு பன்னிரண்டு வருஷம் என்று எழுதினேன்.
பார்க்க நம்பும்படியான எண்.
பிறை பதிந்தது.

ரிப்பனை ஒரு சாணுக்கு அல்ல,
ஒரு முழத்துக்கு வெட்டினேன்.

அந்நேரம் பார்த்துத் துரைசானி
விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்,
அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"பன்னிரண்டு வருஷம்! பாருங்கள், கிராணி,
குடியை விட்டவன் முகத்தில் என்ன தெளிவு."

பார்த்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.