வாழிடம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வாய்க்கால் மேட்டில்,
ஒன்பது மணிக்குள் தாளியைப் பறித்தாக வேண்டும்.
வெயில் ஏறினால் புனல் சுருண்டு
சாட்சி சொல்ல மறுத்துவிடும்.

வெளிறிய ஊதா. தொண்டையில் மட்டும் அடர்த்தி.
மகரந்தத்தாள் ஐந்து, ஒன்றின் உயரம் ஒன்றுக்கில்லை.
இலையில் யாரோ பேனா உதறிய கறை.

கல்லூரி ஹெர்பேரியத்தில் இதன் பழைய பெயரை அடித்து
மேலே புதிதாக எழுதியிருக்கிறார்கள்.
அடிபட்ட லத்தீனுக்கு, வேலியில் வாழ்வது என்று பொருளாம்.

"எத்தனை வேலி?"
தலையாரி சிரிக்காமல் கேட்கிறார்.
எங்களுக்கு ஒரு குழிகூட இல்லையென்று
அவருக்குத் தெரியும்.

செய்தித்தாள் மடிப்பில் கொடியை அழுத்திவிட்டு
சீட்டை நிரப்புகிறேன்:
இரண்டு பட்டாக்களுக்கு நடுவே, கருவை முள்ளைப் பற்றி.
விதை நான்கு; ரோமம் உண்டு.
சர்வே எண்: பொருந்தாது.
சேகரித்தவர்: செ. மரியபுஷ்பம்.