தா

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது
காப்பிக் களத்தின் கிழக்கு மூலையில்.
சும்மா நின்றால் கிடைக்காது.
கட்டைச்சுவர்மேல் ஏறி
சேலம் தெரிகிற பக்கமாகக் கையை நீட்டவேண்டும்.
கீழே வெயிலில் நகரம் வெள்ளையாகக் கிடக்கும்.
அங்கிருந்து கிளம்பும் பாடங்கள்
இருபது கொண்டையூசி வளைவும் சுற்றி
மூச்சிரைத்து
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் உட்கார்ந்துவிடும்.

களத்தைக் கிளறுகிற மாதையன் கேட்பார்,
“என்னா டீச்சர், எறங்கிருச்சா?”
“இன்னும் ரெண்டு இருக்குதுங்க.”
“அது கெடக்குது. மழ வருது, நீங்க எறங்குங்க.”

அப்படி இறக்கியவை நிறைய.
ஆடும் எழுத்து, குதிக்கும் எழுத்து,
தொட்டால் வாலாட்டும் அணில்,
ஒருநாளும் சளி பிடிக்காத குரலில்
யாரோ ஒரு பெண் சொல்லும் ங, ஞ, ண.
மூன்றாம் வகுப்பு பார்த்தது, சிரித்தது.
“இது அணிப்புள்ள, டீச்சர்” என்று
தரணீஷ் திருத்தம் போட்டான்.
சுக்குமணி மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் வந்தவள்.
அப்பா அம்மா எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார்கள்,
ஜார்க்கண்டில் குந்திப் பக்கம்.
சேர்ந்த இரண்டாம் நாளே
மேசை ஓரம் வந்து நின்று
“தா” என்றாள்.

அதற்குள் தமிழ் வந்துவிட்டதே என்று எனக்குப் பூரிப்பு.
பென்சில் தந்தேன்.
மறுநாளும் தா. ரப்பர் தந்தேன்.
வண்ணக்குச்சி, பிஸ்கட், பழைய நாட்காட்டியின் மயில்,
ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிப்
பையில் வைத்துக்கொண்டு
மறுபடி என் முகத்தையே பார்ப்பாள்.
“கேக்கறதே பொழப்பாப் போச்சு இதுக்கு”
என்றார் சத்துணவு அக்கா.
நான் மறுக்கவில்லை.
இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

கார்த்திகையில் ஒரு மாலை
வேறெதையோ தேடப்போய் ஒரு காணொளி.
அவள் ஊர்ப்பக்கத்து ஆசிரியர் யாரோ
தன் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி
முண்டாரிச் சொற்களைச் சொல்லவைக்கிறார்.
பின்னால் ஒரு சேவல், ஒரு மோட்டார் சைக்கிள்.
அவருடைய இந்தி எனக்குப் பாதி;
படங்கள் இருந்ததால் பிழைத்தேன்.
புரு, மலை.
சேத்தா, நாய்.
இபில், நட்சத்திரம்.
அடுத்து முன்பல் இல்லாத ஒரு பையன்
தொண்டைக்குள் பாதியை விழுங்கிக்கொண்டு
தா என்றான்.
படத்தில் ஒரு குடம்.

சுவரைவிட்டு இறங்கக் கொஞ்சம் நேரமானது.
எங்கள் தண்ணீர்க் குடம்
என் மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது.
மற்றப் பிள்ளைகள் என்னை இடித்துக்கொண்டு
ஓடிப்போய்க் குடிப்பார்கள், கேட்கமாட்டார்கள்.
ஒருத்திதான் ஒவ்வொரு நாளும்
அனுமதி கேட்டிருக்கிறாள்.
எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு த.
அதற்குள் இரண்டு ஒலி இருப்பது
எழுதும்போது தெரிவதில்லை.

மறுநாள் டம்ளரை நீட்டி
“தா” என்றேன், கொஞ்சம் விழுங்கி.
ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று.
அப்புறம் என் உச்சரிப்பைத் திருத்தினாள்,
மூன்று முறை, பொறுமையாக.
“அப்ப தண்ணி தான்னு கேக்க, தா தா!”
என்று தரணீஷ் கத்த,
வகுப்பு முழுக்கத் தாத்தா தாத்தா என்று உருண்டது.
அன்றுதான் அவள் சிரிப்பைப் பார்த்தேன்.
அவளுக்கும் முன்பல் இல்லை.

பதிவேட்டில் சுக்குவுக்கும் மணிக்கும் நடுவே
ஒரு ர் நெருக்கி எழுதினேன்.
சுக்குர்மணி.
திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் எங்கே என்றார்
தலைமையாசிரியர் இன்னாசிமுத்து.
போட்டேன்.

இப்போது எங்களிடமும் ஒரு காணொளி உண்டு.
அணிப்பிள்ளையைத் தரணீஷ் சொல்கிறான்,
தண்ணீரை அவள் இரண்டு விதமாகவும் சொல்கிறாள்,
நடுவில் குக்கர் விசில்.
குந்திப் பக்கம் யாருக்காவது உதவும்.
கட்டைச்சுவர்மேல் நிற்கிறேன், நான்கு சதவீதம்.

“எறங்கிருச்சா டீச்சர்?”
“இல்லீங்க, இது ஏறுறது.”
மாதையன் வானத்தைப் பார்த்தார்.
காப்பியை மூடிக்கொண்டிருந்த தார்ப்பாயில்
ஒரு முனையை
என் தலைவரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.