தட்டுக்கு நாலாயிரம்

ஒரே சனிக்கிழமை, ஒரே ஊர்,
இரண்டு அரங்கு.
நடுவே காரில் பதினோரு நிமிடம்,
சிவப்பு விளக்கு விழுந்தால் பதினைந்து.
ஆகஸ்ட் மாத லாஸ் வேகஸில்
கார்க் கதவைத் தொட்டால் கை சுடும்.

பழைய போட்டிக்கு வயது இருபத்தொன்று.
ஜெயித்தவனுக்கு எட்டாயிரம்,
தோற்றவனுக்குச் சட்டை.
நல்ல சட்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும்,
எத்தனை துவைத்தாலும் எழுத்து உரியாது.

புதிய போட்டிக்கு வயது நான்கு மாதம்.
யார் பணம் என்று யாருக்கும் தெரியாது.
மெத்தையில் கால் வைத்தாலே பன்னிரண்டாயிரம் டாலர்
என்று ஒருவன் கைபேசியில் சொன்னான்.
மறுபடி சொல்லச் சொன்னேன்.
சொன்னான்.

ஒஸ்மரீனோவுக்கும் அதே அழைப்பு வந்தது.
இருவரும் மனாவுஸ்காரர்கள்.
ஆறு வருடமாக ஒரே கராஜில் படுக்கிறோம்,
ஒரே பயிற்சிக்கூடத்தின் மெத்தையை
ராத்திரி பத்தரைக்கு குளோரின் போட்டுத் துடைக்கிறோம்,
காலையில் அதே மெத்தையில்
ஒருவன் கழுத்தை ஒருவன் நெரிக்கிறோம்.
அவன் சொன்னான்: "பதினைந்து வயதில்
படகுத்துறையில் மீன்பெட்டி தூக்கும்போது
நான் நினைத்தது அந்தப் பழைய மேடையைத்தான்.
இதை நினைக்கவில்லை."
"அப்போது இது இல்லையே" என்றேன்.
"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றான்.

காய்சா எங்களோடு பயிலும் பின்லாந்துப் பெண்.
புதியவர்களின் பட்டியலில் பெண்கள் பிரிவே இல்லை.
பத்திரிகையாளர் கூட்டத்தில் எழுந்து
ஏன் என்று தட்டிக் கேட்டாள்.
அடுத்த வருடம் என்று தட்டிக் கழித்தார்கள்,
சிரித்துக்கொண்டே.
பழைய அரங்குக்கே போனாள்.
அங்கே பெண் ஜெயித்தால் ஐயாயிரம்.
"எனக்குக் கோபப்பட இரண்டு இடம் கிடைத்திருக்கிறது"
என்றாள், பல்காப்பை வெந்நீரில் போட்டபடி.

என் ஆட்டம் நாற்பத்தெட்டு விநாடி.
கைகொடுத்தோம், சுற்றினோம்,
எதிராளி உட்கார்ந்தான். என் குதிகால்
அவன் கைமடிப்புக்குள் போவதைப் பார்த்தேன்,
யாருடைய காலோ போல.
முழங்கால் பேச ஆரம்பிக்கும் முன்
தட்டினேன், மூன்று முறை.
கணக்குப் போட்டால் தட்டுக்கு நாலாயிரம்.
பயிற்சியாளரின் பத்து சதவீதம் போக
மூவாயிரத்து அறுநூறு.
மேடைக்குப் பின்னால், மடங்காத உறையில் காசோலை.
என் பெயரில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அங்கே ஒஸ்மரீனோ நான்கு ஆட்டம்,
மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம்.
மூன்றாவதில் வலது மோதிரவிரல் உடைந்தது.
நான்காவதில் அதை உடையாததுபோல் வைத்துக்கொண்டான்.
நான் போய்ச் சேர்ந்தபோது
ஏழாயிரம் பேர் எழுந்து நின்றிருந்தார்கள்,
தோற்றவனுக்காக.
நான் தட்டியபோது முன்வரிசையில் ஒருவன்
பாப்கார்ன் வாங்க எழுந்து போனான்.
நான்காம் இடம். சட்டை.
காய்சாவுக்கும் சட்டை, ஆண்கள் அளவில்.

அவசரப் பிரிவில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி.
படிவத்தில் தொழில் என்றொரு கட்டம்.
அவன் வலக்கை ஐஸ் பைக்குள்.
நான்தான் எழுத வேண்டும். என்ன எழுத?
"எதற்குக் காசு வருகிறதோ அதை எழுது."
துப்புரவு என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சொல்லைப் பார்த்தோம்.
என் படிவமாக இருந்தால் வேறு எழுதியிருக்கலாம்,
நாற்பத்தெட்டு விநாடிக்கு மட்டும்.
எக்ஸ்ரே ஆயிரத்து நானூறு. நான் கட்டினேன்.
அவன் நன்றி சொல்லவில்லை, நல்லவேளை.
திரும்பும்போது காரில் கேட்டான்:
"கூட்டம் எழுந்ததைப் பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"எண்ணினாயா?"

நவம்பரில் பழைய போட்டிக்காரர்களிடமிருந்து கடிதம்.
போட்டிக்கே ஒரு போட்டி வந்தபிறகு
கைக்கு எழுத்து வந்திருக்கிறது:
இனி முதல் சுற்றில் தோற்பவருக்கும் பணம்,
பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே தொகை.
ஒரு கையில் கைபேசியைப் பிடித்து
காய்சா உரக்கப் படித்தாள்.
என் கழுத்து அவள் முழங்கால் மடிப்புக்குள் இருந்தது.
எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தேன்,
காற்று வரவில்லை.

"தட்டு, சொல்கிறேன்" என்றாள்.