மணிக்கணக்கி

லாரிக்காரர் சங்கிலியை அவிழ்த்தார்.
சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.
"இங்கே ஒரு கையெழுத்து" என்றார்.
கார்வின் என்னைப் பார்த்தான்.
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்:
இவ்வளவுதானா?
விளம்பரத் தாளில் பெரிதாக இருந்தது.

நீலம். ஏரியின் நீலமில்லை,
பள்ளிக்கூடப் பேனா மூடியின் நீலம்.
எண்பத்து நான்கு தவணை.
கடைசித் தவணை கட்டும்போது எனக்கு அறுபத்தெட்டு.
முகப்பில் ஒரு சின்னச் சன்னல்,
மணிக்கணக்கி: 1.3.
புத்தம்புதிது என்றுதானே விற்றார்கள்?
அந்த ஒன்றேகால் மணிச் சொச்சம் யாருடையது?

கொட்டகைக்குள் நுழையவில்லை.
தலைக்கு மேலிருக்கும் பாதுகாப்பு வளைவு
கதவுச் சட்டத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம்.
"அளந்தாயா?" என்றான் கார்வின்.
அளந்தேன். நீளத்தை.
பிறகு இரண்டு ஊசிகளை உருவினால்
வளைவு பின்பக்கம் மடிகிறது என்று கண்டுபிடித்தோம்.
வணங்காமுடிக்கும்
ஒரு கீல் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் ஒரு குச்சி மனிதன்
சரிவில் கவிழ்ந்து சாகிறான்,
பட்டையில் கை மாட்டிச் சாகிறான்,
தூக்கிய வாளிக்கு அடியில் நின்று சாகிறான்.
ஒருமுறையாவது முகம் சுளிக்க வேண்டுமே,
முகமில்லை.
இரவு பதினொன்று வரை படித்தேன்.
எண்ணெய் மாற்றும் பக்கத்தில் தூங்கிப்போனேன்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கால் இது.
இங்கே ஒரே மிதி.
விரலை அழுத்தினால் முன்னே,
குதிகாலை அழுத்தினால் பின்னே.
முதல் அரைமணி நேரம்
முற்றத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தோம் நாங்கள் இருவரும்.
இறங்கிக் கேட்டைத் திறக்கலாம் என்று எழுந்தேன்,
இன்ஜின் செத்துவிட்டது.
இருக்கைக்கு அடியில் ஏதோ ஒன்று
என் எடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மருத்துவர் குறைக்கச் சொன்ன அதே எடையை.

எங்கள் மலையில்
பனிக்கும் வசந்தத்துக்கும் நடுவே
சேறு என்றொரு பருவம் உண்டு.
பாதைக்குக் கொட்டிய சரளை
வாசலில் கழுதை முதுகாய்க் குவிந்திருந்தது.
வாளியை முட்டினேன், நிரம்பியது,
தூக்கினேன், திருப்பினேன்.
இடது பின்சக்கரம் மண்ணைவிட்டு எழுந்தது.
உயிர் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது.
வாளியைத் தொப்பென்று இறக்கினேன்.
கையேட்டில் நாற்பத்தேழாம் பக்கம், நன்றாக நினைவிருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம்
எல்வுட் பெல்கி நின்றுகொண்டிருந்தார்.

இருபது பனிக்காலம்
எங்கள் பாதையின் பனியைத் தள்ளியவர்.
பிப்ரவரியில் ஒருநாள் பதினோரு மணிக்கு வந்தார்.
முப்பத்தாறு பிள்ளைகள்
குளிரில் எனக்காக நின்ற காலை அது.
நான் ஒரு சொல் சொன்னேன்.
அந்த மாதத்துக்கு அவர் பில் அனுப்பவேயில்லை.
டிராக்டர் வாங்குவதை
நாங்களும் அவரிடம் சொல்லவில்லை.

சேற்றில் மெதுவாக வந்தார்.
ஒரு சுற்று சுற்றினார்.
விலையைக் கேட்கவில்லை.
பின்சக்கரத்தைப் பூட்ஸால் தட்டினார்.
"உள்ளே வெறும் காற்றா?"
"வேறென்ன இருக்கும்?"
"பீட்ரூட் சாறு" என்றார்.
கேலி என்று நினைத்து
அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்துவிட்டேன்.
"உறையாது. கனம். பின்னால் கனமில்லாமல்
முன்னால் தூக்காதே."

சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறார்.

"ஏறிப் பாருங்கள்" என்றேன்.
முழங்கால் முனக ஏறினார்.
குவியலில் இரண்டு வாளி,
தரையை உரசுகிற தாழ்வில்,
பாலைச் சிந்தாமல் கொண்டுபோகிறவர் மாதிரி
கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார்.
சரியாக விழுந்ததா என்று பார்க்க எழுந்தார்,
இன்ஜின் நின்றது.
எல்வுட் திடுக்கிட்டு
தன் இருக்கையைத் தானே திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

சரளையில் முக்கால்வாசி இன்னும் வாசலில் கிடக்கிறது.
சாறு நிரப்பும் கடைக்காரர் வியாழக்கிழமை வருகிறார்.
மணிக்கணக்கி 2.1.
அதில் ஆறு நிமிடம் எல்வுட்டுடையது.