நானூறு மீட்டர் உயரத்தில்

கோலி குறிபார்க்க வலக்கண்ணை மூடியவன்
"கோலி எங்கே?" என்று கேட்டானாம்.
அதற்கு முன் ஒருநாளும் சொல்லவில்லை.
ஏழு வயதில் யார் சொல்வார்கள்,
ஒரு கண்ணில் பாதி இருட்டு இறங்கிவிட்டதென்று?
மற்றது அவனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல் ஆல்ட்டோவிலிருந்து பதினெட்டு மணி நேரம்
பேருந்தில் இறங்கி வந்தார்கள்
லிம்பெரும் அவன் அம்மா செவெரினாவும்,
சாந்தா குரூஸின் புழுக்கத்துக்குள்
கம்பளிப் போர்வையோடு.

பெரியவர்கள் கண்ணென்றால் உள்ளே நுழைந்துவிடுவேன்.
குழந்தைக் கண்ணின் கூழ் விடாது.
ரப்பர் பால்போல விழித்திரையைப் பற்றியிருக்கும்,
இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.
ஆகவே வெளியிலிருந்தே.
நான்கு தசைகளுக்கும் நூல் மாட்டி
விழியைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.
மேல் ஓரத்தில், லாட வடிவில் ஒரு கிழிசல்.
உறைகுச்சி தொட்டதும் ஆரஞ்சு நிறம் வெளுத்தது.
சிலிகோன் பட்டையைத் தசைகளின் அடியில் கோத்து
இறுக்கினேன்.
இறுக்கினேன் என்பது பெரிய சொல்,
பச்சைக் குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற அளவுதான்.
தேங்கிய நீரை வடித்தேன்.
கடைசியாக, கிழிசலை உள்ளிருந்து அழுத்த
ஒரு குமிழ் வாயு.

குமிழ் இருக்கும்வரை மலையேற முடியாது.
நாலாயிரம் மீட்டரில் அது உப்பும்,
கண் தாங்காது.

செவெரினா மினிபஸ் வாசலில் தொங்கியபடி
நிறுத்தங்களைக் கூவிச் சம்பாதிப்பவள்.
மூன்று வாரம் கூவாவிட்டால்
அந்த வாசலில் வேறொருத்தி.
எப்படிச் சொல்வதென்று படம் வரைந்துகொண்டிருந்தேன்.
எட்டிப் பார்த்தாள்.
"மேலே போகப் போக சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதுவா?"
அதேதான்.
பேனாவை மூடினேன்.

அய்மாராவில் கண்ணுக்கும் கழிந்த காலத்துக்கும்
ஒரே சொல்லாம், நயிரா.
முன்பு நடந்தது முன்னால் நிற்கிறது,
பின்பு வருவது முதுகுக்குப் பின்னால்.
அவள்தான் சொன்னாள், காத்திருப்பு அறையில்,
எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"குமிழ் கீழே இருக்கு" என்பான் பையன்.
மேலேதான் இருந்தது.
கண் எதையும் தலைகீழாகத்தான் வாங்கும்.
நான் திருத்தவில்லை.
பதினொன்றாம் நாள் தட்டு என்றான்,
பதினாறாம் நாள் கோலி.
இருபதாம் நாள் காலையில்,
"உருண்டு போயிடுச்சு. கட்டிலுக்கு அடியில தேடிட்டேன்."

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்.
குமிழ் இல்லை. திரை சுவரோடு ஒட்டியிருந்தது.
இடக்கண்ணால் என் விரல்களை எண்ணி
நான்கு என்றான்,
கொஞ்சம் பொறுத்து, மூன்று.
மூன்றுதான்.

கண் வளரும், பட்டை வளராது.
என்றாவது வெட்டிவிட வேண்டியிருக்கலாம்.
சீட்டில் மார்ச் என்று எழுதும்போதே
போர்வையை மடித்து முடித்திருந்தாள்.
நடைக்கூடத்தில் அவள் குரல் கேட்டது,
தொண்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், மெல்ல:
"லா செஹா, லா செஹா...
இன்னும் ஒரு இடம் இருக்கு."