மூக்கு அரித்தபோது

பெயர்தான் வெள்ளை.
பையில் இறங்குவது என்னவோ
தண்ணீர் விட்ட பீட்ரூட் சாறு.
"சிவப்பும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், பான் வித்தோல்ட், விடுங்கள்"
என்கிறாள் நர்ஸ் யாத்விகா.

நேற்று மாலை
பன்னிரண்டாம் நம்பர் டிராமை ஷெட்டில் விட்டுவிட்டு
ஊசி போட்டுக்கொண்டேன், மாத்திரையும்.
எலும்புக்குள் ஆள் திரட்டுகிறோம் என்றார் டாக்டர்.
திரண்டார்கள்.
இரவெல்லாம் இடுப்புக்குள் நாற்காலி இழுக்கும் வலி.
தூக்கம் போயே போச்சு.
மணி இரண்டுக்கு ஃபிரிட்ஜைக் காலிசெய்து
தட்டுத் தட்டாகக் கழுவினேன்,
முட்டை வைக்கும் குழிகளைக்கூட.

இப்போது இரண்டு கையிலும் குழாய்.
இந்தக் கையில் போகிறது, அந்தக் கையில் திரும்புகிறது.
நடுவில் எந்திரம் சுற்றிச் சுற்றி
தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.
மூன்று மணி நேரம் முழங்கை மடங்கக் கூடாது.
உதட்டில் எறும்பு ஊர்கிறது;
பூசையில் அப்பம் வைப்பதுபோல்
கால்சியம் மாத்திரையை நாக்கில் வைக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது.
ஐம்பத்திரண்டு வயது ஆள், எப்படிக் கேட்பது?
முகத்தைச் சுளித்தேன். மேலே ஊதினேன்.
ஜன்னலில் க்தான்ஸ்க் மழையை எண்ணிப் பார்த்தேன்.
கேட்டுவிட்டேன்.
"இடது பக்கமா?" என்று
கையுறை விரலால் சொறிந்துவிட்டாள்.
அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர்.

இதே கட்டிடத்தில் மேலேயோ
முந்நூறு கிலோமீட்டர் தள்ளியோ
ஒருவர்.
பழைய மஜ்ஜையை அழித்தாயிற்று,
புதியது இன்னும் பிடிக்கவில்லை.
காவல் இல்லாத அந்த நாட்களில்
நுரையீரலில் பூஞ்சை குடியேறிவிட்டது.
ஆணா பெண்ணா, சொல்ல மாட்டார்கள்.

நான் தருவது அங்கே தங்காது.
சிறுநீரகம் போல வருடக்கணக்கில் உழைக்காது.
ஒரு பகல், மிஞ்சினால் ஓர் இரவு.
போகும், கடிக்கும், அங்கேயே சாகும்.
காலையில் அவர் இருமித் துப்பினால்
அதில் கொஞ்சம் நான்.

லீவும் எட்டு சாக்லேட் கட்டியும் கொடுத்தார்கள்.
ஷெட்டில் பங்கிட்டோம்.
சக்காரியாஷ் இரண்டு எடுத்தான், ஒன்றும் கொடுக்காதவன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன்:
"இன்னொரு தடவை வர முடியுமா?"
எதுவும் விசாரிக்கவில்லை.
கேட்கிறார்கள் என்றால்
அங்கே ஆள் இருக்கிறது.
ஊசி, வலி, மணி இரண்டு.
ஃபிரிட்ஜ் பளபளவென்று நின்றது;
அடுப்பைத் துடைத்தேன்.

அதன்பின் போன் வரவில்லை.
திங்கள், செவ்வாய், அடுத்த வாரம்.
மஜ்ஜை பிடித்துவிட்டால் என்னைத் தேட மாட்டார்கள்.
பிடிக்காமலே முடிந்துவிட்டாலும் தேட மாட்டார்கள்.

கப்பல்தள நிறுத்தத்தில்
கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
ஏறுகிறவர் முகம் பார்க்கும் வேலையில்லை இது.
பின்னால் யாராவது இருமினால் மட்டும்
கண்ணாடியில் ஒரு தடவை
பார்த்துக்கொள்கிறேன்.