பையில் என்ன

வைகாசி முகூர்த்தம் ஒன்றுவிடாமல்
என் கம்ப்யூட்டருக்குள் ஆல்பமாகிக்கொண்டிருக்க
தாலி கட்டும் பக்கம் வந்தால் மட்டும்
அது அணைந்துவிடும்.
பக்கத்தகட்டைத் தொட்டால் தோசைக்கல்.
கழற்றி வைத்தேன், சரியாயிற்று.
மூன்றாம் நாள் உள்ளே பல்லி.

ஆக, தகட்டில் ஒரு வட்டம் வெட்டவேண்டும்,
ஒரு ஃபேன் உட்காரும் அளவுக்கு.

லாரன்ஸ் ரோடு ஹார்டுவேர் கடையில்
கிரைண்டர் என்ன விலை என்றதும்
முகம் பார்க்காமலே சொன்னார்:
வீட்டு சாமான் ரெண்டு கடை தள்ளிம்மா.
மாவுக்கு இல்லை, தகடு அறுக்க.
இப்போது முகம் பார்த்தார்.
இரண்டாயிரத்து நானூறு.
அதைக் கடன் வாங்கி வெட்டினால்
வட்டம் வட்டியாகிவிடும்.
தவிர, கீழ்வீட்டுக் கஜபதிக்கு
சிப்காட்டில் இரவு ஷிப்ட்,
பகலில்தான் ராத்திரி.
எதை வாங்கினாலும்
அவர் குறட்டையைவிடச் சத்தம் குறைந்ததாக.

ஞாயிற்றுக்கிழமை பாண்டி.
காந்தி வீதி நடைபாதையில்
சாக்கை விரித்து, அதன்மேல் துருவை விரித்து
உட்கார்ந்திருந்த அந்துவான்
கையால் சுற்றும் டிரில் ஒன்றைக்
காபிக்கொட்டை அரைப்பதுபோல் சுற்றிக் காட்டினார்.
பல்சக்கரம் ஒரு பல்லும் போகாமல் சிரித்தது.
நானூறு என்றார், இருநூற்றைம்பது என்றேன்,
முந்நூறுக்கு ஓர் ஆக்ஸா பிளேடும் சேர்ந்தது.
பிரேம் வேண்டாம்,
ஒரு முனையில் துணி சுற்றினால் அதுவே பிடி.

அரத்தை மட்டும் அவரிடம் வாங்கவில்லை.
பழைய அரம் தடவிக்கொடுக்கும், தேய்க்காது.
கடையில் புதிது, அரைவட்டம், நூற்றுப்பத்து.
மூன்று மில்லி பிட்டும் புதிது, இரண்டு,
ஒன்று உடைவதற்கு.
உப்புத்தாள் வாங்கும்போது சிரிப்பு வந்தது,
கடலூரில் உப்பு தேய்க்காத தகடு எது?

திரும்பும் பஸ்ஸை ஆல்பேட்டையில் நிறுத்தினார்கள்.
பாண்டியிலிருந்து வரும் கனமான பைக்கு
இந்தச் சாவடியில் ஒரே அர்த்தம்.
ஜெயப்பிரதா என்று சட்டையில் எழுதியிருந்த கான்ஸ்டபிள்
கண்ணாடிச் சத்தத்துக்காகப் பையை உலுக்கினார்.
இரும்புச் சத்தம் வந்தது.
டிரில், பிளேடு, அரம்,
ஒவ்வொன்றாய் சீட்டில் வைக்க
பஸ்ஸே எட்டிப் பார்த்தது.
எந்த வீட்டுப் பூட்டும்மா?
பொட்டிக்கு ஜன்னல் வைக்கப்போறேன் மேடம்.
எந்தப் பொட்டி?
சொன்னேன். நம்பவில்லை. பில் கேட்டார்.
அந்துவானாவது பில்லாவது.
அரத்தின் பில் காப்பாற்றியது.

சர்க்கரை டப்பா மூடியை வைத்து வட்டம் வரைந்தேன்.
கோட்டுக்கு உள்பக்கமாகத் தொண்ணூற்றோரு துளை,
துளைக்கொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.
பதினேழாவதில் ஒரு பிட் உடைந்தது, சொன்னேனே.
நான்கு துளையை அரத்தால் ஒன்றாக்கினால்
பிளேடு நுழையும்.
அப்புறம் மணிக்கட்டின் வேலை.
மூன்று பகல்.
நகத்திலும் இட்லியிலும் இரும்பு.
கஜபதி ஒருமுறை மேலே வந்து
எலி இருக்குபோல, பாத்துக்குங்க என்றுவிட்டுப் போனார்.

வெட்டிய விளிம்பைக் கடற்காற்று சும்மா விடாது.
அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய ஊதா நெயில்பாலிஷ்,
இரண்டு பூச்சு.
தூசிக்குக் கொசுவலைத் துண்டு.
வட்டமென்று சொல்லமுடியாது,
யாரோ கடித்துவைத்த அப்பளம்.
காற்று அதையெல்லாம் பார்க்கவில்லை.
நேற்றிரவு தாலி தாண்டி, பந்தி தாண்டி,
மொய் எழுதும் பக்கம்வரை வந்துவிட்டேன்.
முழங்காலில் வெந்நீர் ஊற்றுவதுபோல்
பெட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் மறுபடி அதே சாவடி.
ஜெயப்பிரதா பையைத் தொடவில்லை.
வெச்சாச்சா?
வெச்சாச்சு மேடம்.
குரலைத் தாழ்த்தினார்.
குவார்ட்டர்ஸ்ல செவுத்துல ஒரு ஓட்டை போடணும்,
அந்த டிரில்லு...
செவுத்துக்கு வேற பிட்டு வேணும் என்பதற்குள்
கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.